வெல்டிங் ராடு ஏன் இழுக்கிறது? மின்வில்லைக் காந்தம் தள்ளுவதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

கப்பலூர் சிட்கோ பக்கம் டிராக்டர் டிரெய்லர் செய்கிற பட்டறை எங்களுடையது. பல வருடம் ஓடிய டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் மெஷினை ஓரமாக நகர்த்திவிட்டு இன்வெர்ட்டர் மெஷின் வாங்கிய முதல் வாரமே பட்டறைப் பையன் வந்து நின்றான். "அண்ணே, ராடு இழுக்குதுண்ணே. நேரா பிடிச்சாலும் நெருப்பு பின்னாடியே ஓடுது."

சேசிஸின் நீளச் சேனலில் கடைசி ஒரு சாண் தூரம். அதுவரை அழகாக வந்த பீட், அதாவது பற்றவைத்த வரி, அங்கே மட்டும் மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒரு ஓரத்தில் அண்டர்கட், அதாவது இரும்பு அரித்த பள்ளம், சுற்றிலும் தெறிப்பு. ஐப்பசி மழை நேரம் என்பதால் ராடு ஈரம் குடித்திருக்கும் என்று நினைத்தேன். வேறு பாக்கெட் பிரித்துக் காயவைத்துக் கொடுத்தேன், அப்படியேதான் இருந்தது. கை சரியில்லை என்று அவனைக் கடிந்துவிட்டு நானே ஹோல்டரை வாங்கினேன். எனக்கும் இழுத்தது. எப்படியோ நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்பினோம். அடுத்த கரும்பு வெட்டில் அதே ஒரு சாணில் விரிசல் விட்டு டிரெய்லர் திரும்பி வந்தது. வெட்டிப் பார்த்தபோது உள்ளே கசடு அடைத்திருந்தது.

அந்தப் பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ராடும் நல்ல ராடு, மெஷினும் நல்ல மெஷின். மின்வில், அதாவது ராடு நுனியில் எரியும் அந்த நெருப்பு, காந்தப்புலத்துக்குள் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் நடந்துகொண்டது. அதை நாங்கள் தெரிந்து வைத்திருக்கவில்லை. இதற்கு ஆங்கிலத்தில் ஆர்க் ப்ளோ என்று பெயர். நம் பட்டறைகளில் "ராடு இழுக்குது", "நெருப்பு ஓடுது" என்போம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்தது திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏசி மின்னோட்டம், இன்வெர்ட்டர் கொடுப்பது ஒரே திசையில் ஓடும் டிசி. டிரான்ஸ்ஃபார்மர் இருந்த காலத்தில் அதிகம் தெரியாத இந்தத் தொல்லை, இன்வெர்ட்டர் பரவிய பிறகு ஊரெங்கும் இருக்கிறது. பல இடங்களில் பழி வெல்டரின் கைமேல் விழுகிறது. அது நியாயமில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வில் என்பது எலும்பில்லாத கம்பி

ராடின் நுனிக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இருக்கும் 3, 4 மில்லிமீட்டர் இடைவெளியில் கம்பி எதுவும் கிடையாது. ஆனாலும் 100, 150 ஆம்பியர் மின்னோட்டம் அதைக் கடந்து போகிறது. பல ஆயிரம் டிகிரி சூட்டில் அங்குள்ள வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துவிடுவதால் வாயுவே மின்சாரத்தைக் கடத்துகிறது. அதைத்தான் பிளாஸ்மா என்கிறோம். மின்னோட்டம் போகும் பாதை என்ற அளவில் வில்லும் ஒரு கம்பிதான். கம்பிக்கு உறுதியான உடல் இருக்கிறது, வில்லுக்கு இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தால்தான் எல்லா வம்பும்.

மின்னோட்டம் போகும் கம்பிக்கு அருகில் வைத்த திசைகாட்டியின் முள் திரும்புவதை 1820-ல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் அறிவித்தார். மறு வருடமே இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி, மின்வில்லின் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் வில் நகர்வதைக் காட்டினார். வில் என்ற பெயரே அந்தக் காலத்துக் கரித்துண்டு சோதனைகளில் வந்தது. இரண்டு கரித்துண்டுகளைக் கிடைமட்டமாக வைத்தால், நடுவில் எரியும் நெருப்பைச் சூடான காற்று மேலே தூக்கி வில்போல வளைத்துவிடும்.

தள்ளும் திசையைக் கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்பில் படித்த ஃபிளெமிங் இடதுகை விதி போதும். இடது கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரியுங்கள். சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் தள்ளும் பக்கம்.

எவ்வளவு தள்ளும்? காந்தப்புலத்தின் வலிமை, மின்னோட்டம், நீளம் மூன்றையும் பெருக்க வேண்டும். பிளேட் இடைவெளியில் 10 காஸ் (காஸ் என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு) காந்தம் இருக்கிறது, 120 ஆம்பியர், வில் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விசை சுமார் 0.0005 நியூட்டன் வரும். இரண்டு மூன்று அரிசியின் எடைதான், பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சூட்டில் அவ்வளவு சின்ன இடத்தில் இருக்கும் வாயுவின் எடை ஒரு சில மைக்ரோகிராம்தான். தன் எடையைப் போலப் பல ஆயிரம் மடங்கு விசை ஒரு பொருளைப் பக்கவாட்டில் தள்ளினால் அது எப்படி நேராக நிற்கும்?

வைகை மணலில் சேலையை இரண்டு பேர் இரண்டு முனையிலும் பிடித்துக் காயவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றடித்தால் முனைகள் கையில்தான் இருக்கும், நடுப்பகுதி புடைக்கும். வில்லும் அப்படித்தான். ஒரு முனை ராடின் நுனியிலும் மறுமுனை உருகிய குட்டையிலும் ஒட்டியிருக்கும், நடுவில் வளையும். வளைந்தால் நீளம் கூடும், அதைத் தாங்க வோல்டேஜ் கூட வேண்டும், ஓர் அளவுக்கு மேல் மெஷினால் முடியாமல் வில் அணைந்துவிடும். அணையாவிட்டால் குட்டையில் இருக்கும் முனையும் அந்தப் பக்கமே நழுவும். உருகிய துளிகள் வேறிடத்தில் விழும், கசடு முன்னால் வழிந்து பீட்டுக்கு அடியில் மாட்டும். எங்கள் சேசிஸில் நடந்தது இதுதான்.

தள்ளுகிற காந்தம் எங்கிருந்து வருகிறது?

"நாங்கள் காந்தமே வைக்கவில்லையே" என்பார்கள். வைக்க வேண்டியதில்லை. மின்னோட்டம் போகும் எந்தப் பாதையைச் சுற்றியும் காந்தப்புலம் தானாக வளையம் வளையமாக உண்டாகும். 150 ஆம்பியர் போகும் நேரான பாதையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 30 காஸ் இருக்கும். மதுரையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ்தான். ஆக, ராடு பற்றிய நொடியிலேயே அதைப்போல எழுபது மடங்குக்கு மேலான காந்தம் வில்லைச் சுற்றி நிற்கிறது.

இந்த வளையங்கள் எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் தளர்ந்தால்தான் வம்பு. நெருக்கமான பக்கத்திலிருந்து தளர்வான பக்கத்துக்கு வில் தள்ளப்படும். அப்படி நெருங்குவதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது எர்த், அதாவது மெஷினுக்குத் திரும்பும் கேபிளை பிளேட்டில் கவ்வும் இடம். மின்னோட்டம் ராடு வழியாக மேலிருந்து கீழே வந்து, பிளேட்டில் திரும்பி, எர்த் கிளாம்ப் இருக்கும் பக்கம் ஓடுகிறது. அதாவது வில்லுக்குக் கீழே ஒரு திருப்பம் இருக்கிறது. சித்திரைத் தேர் மாசி வீதி மூலையில் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தின் உள்பக்கம் நிற்பவர்கள் நசுங்குவார்கள், வெளிப்பக்கம் நிற்பவர்களுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். காந்த வளையங்களுக்கும் அதே கதி. திருப்பத்தின் உள்பக்கம் எர்த் இருக்கிறது, அங்கே நெருக்கம். அதனால் வில் எர்த்துக்கு எதிர்ப்பக்கம் ஓடும்.

இரண்டாவது இரும்பு. காந்த வளையங்களுக்குக் காற்றைவிட இரும்பில் போவது மிக எளிது. பிளேட்டின் நடுவில் பற்றவைக்கும்போது முன்னும் பின்னும் இரும்பு இருப்பதால் சமமாகப் பரவும். ஓரத்துக்கு வரும்போது முன்னால் இரும்பு தீர்ந்துவிடுகிறது. வெளியே காற்றில் போக மனமில்லாமல் வளையங்கள் மிச்சமிருக்கும் கொஞ்ச இரும்பிலேயே நெருங்கி நிற்கும். அந்த நெருக்கம் வில்லைப் பின்னுக்கு, அதாவது இரும்பு அதிகமாக இருக்கும் நடுப்பக்கம் தள்ளும். பீட் தொடங்கும் ஓரத்தில் நெருப்பு முன்னால் ஓடுவதற்கும் முடியும் ஓரத்தில் பின்னால் ஓடுவதற்கும் காரணம் இதுதான்.

இவை இரண்டும் வில் தானே உண்டாக்கிக்கொள்ளும் காந்தத்தால் வருபவை. இன்னொரு வகை, இரும்பில் ஏற்கனவே தங்கியிருக்கும் காந்தம். காந்தக் கிரேனில் தூக்கிய பிளேட், காந்தச் சோதனை செய்த பழைய ஷாஃப்ட், நாள் கணக்கில் தெற்கு வடக்காகக் கிடந்த நீளமான பைப் இவற்றில் அது இருக்கும். காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே பக்கத்தில்தான் போகிறது. அதனால் நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்ட தரைக்கு இணையாகவே கிடக்கிறது. தெற்கு வடக்காகப் போட்ட பைப் அதோடு அப்படியே பொருந்திப்போகும். 0.4 காஸ் தனியாக ஒன்றும் செய்யாது. ஆனால் நீளமான பைப் அதைத் திரட்டி இரண்டு முனைகளிலும் குவித்துக் கொடுத்துவிடும்.

முதல் படி: காந்தம்தானா என்று உறுதி செய்யுங்கள்

நெருப்பு ஒரு பக்கம் ஓடினாலே காந்தம் என்று முடிவு கட்டக்கூடாது. ராடின் மேல்பூச்சு ஒரு பக்கம் தடிமனாக, ஒரு பக்கம் மெல்லிதாக இருந்தாலும் இப்படித்தான் ஓடும். பிரித்துப் பார்க்கும் வழி சுலபமானது. பழைய துண்டு பிளேட்டின் நடுவில் ஒரு பீட் போடுங்கள். நெருப்பு ஓடும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தி, ராடை ஹோல்டரில் அரைச்சுற்று திருப்பிப் பிடித்து மறுபடி போடுங்கள். ஓடும் பக்கமும் கூடவே திரும்பினால் குற்றம் ராடில். ராடைத் திருப்பினாலும் அதே பக்கம் ஓடினால் காந்தம்.

ஈரமான ராடு வேறு மாதிரி. அது படபடவென்று வெடிக்கும், பீட் முழுக்க ஊசித்துளை விடும், ஆனால் ஒரே திசையில் இழுக்காது. காற்றடித்தால் புகையும் சேர்ந்து நகரும், ஒரு தகரத்தை மறைப்பாக வைத்தாலே தெரிந்துவிடும்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சோதனைகளில் வில்லையே உற்றுப் பார்க்க வேண்டும். 10 அல்லது 11-ஆம் எண் கண்ணாடி போட்ட ஹெல்மெட் இல்லாமல் யாரும், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பையன் உட்பட, பார்க்கக்கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையின் பக்கமே வர வேண்டாம்.

இரண்டாம் படி: திசையை எழுதிக்கொள்ளுங்கள்

சாக்பீஸ் எடுத்து, பிளேட்டிலேயே நான்கு விஷயம் குறியுங்கள்: எர்த் எங்கே, பீட் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது, எந்த இடத்தில் இழுக்க ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது. ஒரு நிமிட வேலைதான், ஆனால் பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இதைக் குறித்தபோதுதான் எங்கள் பட்டறையில் விஷயம் பிடிபட்டது. எர்த்தை எப்போதும் சேசிஸின் முன்முனையில், கைக்கு வசதியான இடத்தில் கவ்விவிட்டு, பின்முனையிலிருந்து அதை நோக்கிப் பற்றவைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். முடிக்கும் இடத்தில் ஓரமும் பின்னுக்குத் தள்ளுகிறது, எர்த்தும் பின்னுக்குத் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம்.

மூன்றாம் படி: கேபிளை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு கருவியும் வாங்காமல் நோயின் வேரைச் சொல்லிவிடும்.

6013 என்ற வகை ராடு இரண்டு துருவத்திலும் எரியும், ஆகவே அதை எடுத்துக்கொள்ளுங்கள். எர்த்தும் ராடும் அதே இடத்தில் இருக்கட்டும். மெஷினை அணைத்துவிட்டு ஹோல்டர் கேபிளையும் எர்த் கேபிளையும் பிளஸ், மைனஸ் மாற்றிச் சொருகி, அதே இடத்தில் மறுபடி பற்றவையுங்கள்.

இழுக்கும் பக்கம் தலைகீழாக மாறினால், காந்தம் இரும்பில் தங்கியிருக்கிறது. அந்தக் காந்தம் அப்படியே நிற்க, மின்னோட்டத்தின் திசை மட்டும் மாறியதால் விசையும் மாறிவிட்டது. இழுக்கும் பக்கம் மாறாமல் அப்படியே இருந்தால், அது வில்லின் சொந்தக் காந்தம். மின்னோட்டத்தைத் திருப்பினால் அது உண்டாக்கும் காந்தமும் கூடவே திரும்பும். இரண்டும் திரும்பினால் விசை பழைய பக்கமே இருக்கும். இடது கையில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் ஒருசேரத் திருப்பிப் பாருங்கள், கட்டைவிரல் அதே பக்கம்தான் காட்டும்.

இந்தப் பதிலைப் பொறுத்து மருந்து வேறு. அதனால் இந்தப் படியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம்.

நான்காம் படி: சொந்தக் காந்தம் என்றால்

முதலில் எர்த்தை நகர்த்துங்கள். பாதிக்குப் பாதி இடங்களில் இதுவே போதும். முடியும் ஓரத்தில் நெருப்பு பின்னால் ஓடுகிறதா? எர்த்தை பீட் தொடங்கும் முனையில் கவ்வுங்கள். இப்போது எர்த் வில்லை முன்னால் தள்ளும், ஓரம் பின்னால் தள்ளும், ஒன்றை ஒன்று சரிக்கட்டும். தொடங்கும் இடத்தில் முன்னால் ஓடினால் எர்த்தை முடியும் முனைக்குக் கொண்டுபோங்கள். கூடியவரை ஜாயிண்டிலிருந்து தள்ளியே கவ்வுங்கள். நீளமான வேலைக்கு இரண்டு முனையிலும் இரண்டு எர்த் போடுவது இன்னும் நல்லது.

அடுத்து ஓரத்தைத் தள்ளிப்போடுங்கள். பீட் முடியும் இடத்துக்கு அப்பால் அதே தடிமனில் ஒரு துண்டு பிளேட்டைப் புள்ளி வைத்து ஒட்டுங்கள். காந்த வளையங்களுக்கு இரும்பு நீண்டுவிட்டதால் வில் நேராகும். பீட்டை அந்தத் துண்டின் மேல் கொண்டுபோய் முடித்து, ஆறியதும் அறுத்து எடுத்துவிடலாம். துண்டு வைக்க இடமில்லையென்றால் கடைசி முனையில் முன்கூட்டியே கெட்டியாக ஒரு புள்ளி வைத்து, அதை நோக்கிப் பற்றவைத்து வாருங்கள். ஒரே இழுப்பில் போகாமல், 10 சென்டிமீட்டர் முன்னால் போய் அங்கிருந்து பின்னோக்கிப் பற்றவைத்து, மறுபடி முன்னால் போய்ப் பின்னோக்கி வருவதும் கைகொடுக்கும்.

வில்லைக் குட்டையாகப் பிடியுங்கள். இதன் பலன் நினைப்பதைவிடப் பெரியது. நீளம் பாதியானால் தள்ளும் விசையும் பாதியாகும். குட்டையான சேலை குறைவாகப் புடைப்பதுபோல வளைவு அதைவிட வேகமாகக் குறையும், கிட்டத்தட்ட நான்கில் ஒன்றாகிவிடும். பழகிய கை இதைத் தானாகவே செய்வதால்தான், "பெரிய மிஸ்திரி பிடித்தால் இழுப்பதில்லை" என்ற பேச்சு வந்தது என்று நினைக்கிறேன்.

ராடின் நுனியை நெருப்பு ஓடும் பக்கத்துக்கு எதிராகக் கொஞ்சம் சாய்த்துக் காட்டுங்கள். பின்னால் ஓடினால் நுனி முன்னால் பார்க்கட்டும். ஆம்பியரையும் கொஞ்சம் இறக்கலாம். சொந்தக் காந்தத்தில் மின்னோட்டம் இரண்டு முறை கணக்கில் வரும், தள்ளப்படுவதும் அதுதான், தள்ளும் காந்தத்தை உண்டாக்குவதும் அதுதான். ஆகவே 150-லிருந்து 120-க்கு இறக்கினால் விசை 64 சதவீதமாகிவிடும். ஆனால் பத்தாம் நம்பர் ராடுக்கு, அதாவது 3.15 மில்லிமீட்டருக்கு, 90 ஆம்பியருக்குக் கீழே போனால் ஊடுருவல் போய்விடும். இழுப்பைச் சரிசெய்யப் போய் ஜாயிண்டைப் பலவீனமாக்கக்கூடாது.

ஐந்தாம் படி: இரும்பில் காந்தம் தங்கியிருந்தால்

எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நூலில் ஒரு குண்டூசியைக் கட்டி ஜாயிண்ட் இடைவெளிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் சாய்வதில் தெரியும். கிரைண்டர் தூளைத் தூவினால் இடைவெளியில் முள்முள்ளாக நிற்கும். கையிலிருக்கும் செல்போனிலும் காந்த சென்சார் உண்டு. அதைக் காட்டும் செயலியில் சும்மா இருக்கும்போது 40 மைக்ரோடெஸ்லா வாக்கில் காட்டும். 100 மைக்ரோடெஸ்லா என்பது ஒரு காஸ். பைப்பின் முனைக்குக் கொண்டுபோகும்போது எண் பல நூறாக ஏறினால் காந்தம் ஏறியிருக்கிறது என்று பொருள், அதற்கு மேல் போனை நெருக்கமாகக் கொண்டுபோக வேண்டாம். அளக்க காஸ்மீட்டர் கிடைத்தால், இடைவெளிக்குள் 10 காஸ் வரை பெரும்பாலும் சமாளிக்கலாம். 20-க்கு மேல் நெருப்பு அலையும். 40-ஐத் தாண்டினால் பற்றவைப்பதே கஷ்டம்.

வெளியேற்றும் வழி கேபிளிலேயே இருக்கிறது. வெல்டிங் கேபிளை ஜாயிண்டுக்குப் பக்கத்தில் பைப்பைச் சுற்றி ஐந்தாறு சுற்று சுற்றிவிட்டு, அப்படியே வேலையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 120 ஆம்பியர் ஓடுவதால் அது ஒரு நல்ல மின்காந்தம். திசை சரியாக அமைந்தால் தங்கியிருக்கும் காந்தத்தை எதிர்த்து அடக்கும். இழுப்பு முன்னைவிட அதிகமானால் திசை தப்பு, சுற்றை அவிழ்த்து எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள். குறைந்தும் போதவில்லையென்றால் ஒரு சுற்று கூட்டுங்கள், எதிர்ப்பக்கம் இழுக்க ஆரம்பித்தால் ஒரு சுற்று குறையுங்கள்.

மெல்லிய தகடு, சின்ன பைப் என்றால் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினின் கேபிளை வளையமாகச் சுற்றி, ஏசி மின்னோட்டம் ஓடும்போது அந்த வளையத்துக்குள் பொருளை வைத்து மெதுவாக ஒரு கை நீளம் வெளியே இழுத்தால் காந்தம் போய்விடும். தடிமனான இரும்பில் 50 ஹெர்ட்ஸ் காந்தம் மேல்தோலோடு நின்றுவிடுவதால் இந்த முறை எடுபடாது.

பலர் கவனிக்காத ஒன்று: இந்தத் தொல்லை ரூட், அதாவது இடைவெளியை நிரப்பும் முதல் பீட், போடும்போதுதான் உச்சத்தில் இருக்கும். இரண்டு பைப் முனைகளுக்கு நடுவிலுள்ள காற்று இடைவெளியில்தான் காந்தம் குவிகிறது. ரூட் முழுக்க நிரம்பிவிட்டால் காந்தம் இரும்பு வழியாகவே கடந்துபோகும், அடுத்த பீட்டில் இழுப்பு பெரும்பாலும் இருக்காது. ஆகவே ரூட் ஒன்றுக்காக மட்டும் பொறுமையாகப் பாடுபட்டால் போதும். சுற்றிலும் நெருக்கமாகப் புள்ளி வைத்துத் தொடங்குவதும் அதே காரணத்தால் உதவும்.

அப்புறம் அந்த முக்கோண மேக்னட். 90 டிகிரி பிடிப்பதற்காகக் கிரில் வேலையில் எல்லோரும் வைத்திருப்பது. அது ஜாயிண்டை ஒட்டியே உட்கார்ந்திருந்தால் இழுக்காமல் என்ன செய்யும்? புள்ளி வைக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், இரண்டு புள்ளி விழுந்ததும் எடுத்துவிடுங்கள். காந்த எர்த் கிளாம்ப் பயன்படுத்துபவர்களும் அதை ஜாயிண்டின் அருகில் வைக்காதீர்கள். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இந்த விஷயத்தைக் கண்ணால் காட்டவும் அதே மேக்னட்தான் நல்லது. துண்டு பிளேட்டில் பீட் போகும் வழியின் ஓரத்தில் வைத்து நெருப்பு நெளிவதைக் காட்டுங்கள், பிறகு மேக்னட்டைப் புரட்டி வைத்து எதிர்ப்பக்கம் நெளிவதைக் காட்டுங்கள். ஒரு தடவை பார்த்தவன் மறக்கமாட்டான்.

ஆறாம் படி: ஏசிக்கு மாறுவது

எல்லாம் செய்தும் அடங்காவிட்டால் ஓரமாக நகர்த்திய டிரான்ஸ்ஃபார்மரை இழுத்து வாருங்கள். ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. இரும்பில் தங்கிய காந்தம் வில்லை ஒரு முறை இந்தப் பக்கமும் அடுத்த முறை அந்தப் பக்கமும் தள்ளி, மொத்தத்தில் நடுவிலேயே விட்டுவிடும். சொந்தக் காந்தத்துக்கு இந்தக் காரணம் பொருந்தாது, அதில் திசை மாறினாலும் விசை மாறாது என்று மேலே பார்த்தோம். அங்கே காப்பாற்றுவது சுழல் மின்னோட்டம். மாறிக்கொண்டே இருக்கும் காந்தம் பிளேட்டுக்குள் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டும், அவை அந்தக் காந்தத்தையே எதிர்த்து வளரவிடாமல் தடுக்கும்.

6013 ராடு ஏசியில் தாராளமாக எரியும். 7018 வகை ராடு போடுவதென்றால் மெஷினின் வெறும் வோல்டேஜ், அதாவது வில் பற்றுவதற்கு முன் இருக்கும் வோல்டேஜ், 70 வாக்கில் தேவைப்படும். பாக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வோல்டேஜ் டிசியைவிட ஏசியில் ஆபத்தானது, வியர்த்த கையோடும் ஈரத் தரையிலும் வேலை செய்யாதீர்கள்.

வில்லைத் தள்ளுவதே வேலையாக இருக்கும் இடம்

இவ்வளவு நேரம் தொல்லையாகப் பார்த்த அதே விசை, வீட்டு மீட்டர் பெட்டியில் உயிர் காக்கிறது. ஓவர்லோடிலோ ஷார்ட்டிலோ எம்சிபி, அதாவது தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழும்போது உள்ளே தொடர்பு முனைகள் பிரியும் இடத்தில் ஒரு வில் பற்றும். அதை அணைக்க வேண்டும். அதற்காக ஒரு பக்கத்தில் மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பிளேட் ஓரத்தில் வில் இரும்பு அதிகமுள்ள பக்கம் சாய்ந்தது நினைவிருக்கிறதா? அதே காரணத்தால் இந்த வில்லும் தகடுகளை நோக்கி ஓடி, அவற்றுக்குள் நுழைந்து துண்டு துண்டாகிறது. ஒவ்வொரு துண்டும் உயிரோடிருக்க 20 வோல்ட் அளவுக்குத் தனியாக வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் லைனால் கொடுக்க முடியாது, வில் அணைகிறது.

ஏசியில் மின்னோட்டம் தானே பூஜ்யத்தைத் தொட்டுப்போவதால் அணைப்பது ஓரளவு சுலபம். டிசியில் அந்தச் சலுகை இல்லை. மொட்டை மாடி சோலார் பேனல்களிலிருந்து வருவது பல நூறு வோல்ட் டிசி. அதனால் டிசி எம்சிபிகள் சிலவற்றில் நிரந்தரக் காந்தம் வைத்து வில்லைத் தகடுகளுக்குள் விரட்டுகிறார்கள். இது மூன்றாம் படியில் பார்த்த "தங்கிய காந்தம்" வகை. துருவம் மாறினால் தள்ளும் பக்கமும் மாறிவிடும். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி இணைத்துவிட்டால், சாதாரண நாளில் எல்லாம் சரியாகவே ஓடுவதுபோல இருக்கும். லோடு இருக்கும்போது அணைத்தால்தான் வில் தகடுகளுக்கு எதிர்ப்பக்கம் ஓடி, அணையாமல் நின்று பெட்டியையே எரிக்கும்.

உங்கள் வீட்டு மாடியில் சோலார் இருந்தால், அதன் டிசி பெட்டியிலுள்ள எம்சிபியின் முகப்பில் பிளஸ், மைனஸ் குறி இருக்கிறதா என்று வெளியிலிருந்து பாருங்கள். குறி இருந்தால், வயர்கள் அந்தக் குறிப்படி இணைத்திருக்கிறதா என்று, பொருத்தியவரை அழைத்து, உங்கள் கண்முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். வெயில் அடிக்கும்போது பேனல் பக்கத்து வயர்களில் எப்போதும் வோல்டேஜ் இருக்கும் என்பதால் நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள்.